முதல் பத்து நாட்கள் வகுப்பறைக்கே

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அரசுப் பள்ளி ஆசிரியரின் மேசையில் வேலைகள் குவிந்துவிடும். விலையில்லாப் பாடநூலும் சீருடையும் வழங்கியதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களின் விவரங்களைக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தகவல் தளத்தில் ஏற்ற வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, பேருந்துப் பயண அட்டை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல். இடையிடையே சேர்க்கைப் பேரணி. இவற்றில் எதுவும் வேண்டாத வேலை அல்ல. ஆனால், வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்து உட்காரும் முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரு வகுப்பாக்கும் வேலை இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. பாடவேளை அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால் வகுப்பு தயார் என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஒவ்வொரு கல்வியாண்டிலும் முதல் 10 வேலை நாட்களை, பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கும் வகுப்பின் அன்றாட நடைமுறைகளைப் பழகுவதற்கும் அரசு ஒதுக்க வேண்டும். அந்த நாட்களில் வருகைப் பதிவைத் தவிர வேறு எந்தப் பதிவேற்றமும் ஆசிரியரிடம் கேட்கப்படக் கூடாது.

இந்த ஒதுக்கீட்டின் தேவையை ஆறாம் வகுப்பில் நேராகவே பார்க்கலாம். ஐந்தாம் வகுப்புவரை பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் படித்த பிள்ளை, புதுப் பள்ளியில் பாடவேளைக்கு ஒரு முகத்தைப் பார்க்கிறது. வீட்டுப்பாடக் குறிப்பேட்டை எங்கே வைப்பது, தண்ணீர் குடிக்க யாரிடம் கேட்பது, பாடம் புரியவில்லை என்றால் அதை எப்படிச் சொல்வது என்று யாரும் கற்றுத்தருவதில்லை. தெரிந்திருக்கும் என்று நினைக்கிறோம். தெரியாதபோது அடங்காத வகுப்பு என்று பெயர் சூட்டுகிறோம்.

ஆசிரியர் அலுவலகத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் வகுப்புத் தலைவன் கையில் சாக்பீஸ் இருக்கும். கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு. அதன்கீழ் பெயர்கள், சில பெயர்களுக்கு எதிரே ‘மி.மி.அ.’ என்ற குறிப்பு. தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தலைவனின் நண்பர்கள் பெயர் பலகையில் ஏறாது என்பதையும் விளக்க வேண்டியதில்லை. இதுவும் ஒரு நடைமுறைதான். நடைமுறையே இல்லாத வகுப்பு என்று ஒன்று கிடையாது. நாம் யோசித்து அமைக்காவிட்டால் காட்டிக்கொடுப்பதும் வேண்டியவனுக்குச் சலுகையும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றை ஆகஸ்டில் அகற்றுவது, ஜூனில் நல்லதைப் பழக்குவதைவிடப் பல மடங்கு கடினம்.

நல்ல நடைமுறை என்பது பெரிய தத்துவம் அல்ல. காலையில் உள்ளே வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, குறிப்பேடுகளைச் சேகரிக்கும் முறை, குழுவாகப் பிரிந்து உட்காரும் விதம், வேலையை முன்னதாக முடித்தவர் அடுத்துச் செய்ய வேண்டியது, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்பது. இவற்றை ஒருமுறை சொன்னால் போதாது. செய்துகாட்டி, செய்யவைத்து, தவறினால் திருத்தி, மறுநாளும் செய்யவைக்க வேண்டும். வாய்ப்பாட்டை அப்படித்தானே கற்பிக்கிறோம்?

“பாடம் முடிக்கவே நாள் போதவில்லை, இதற்கு எங்கே நேரம்?” என்பது முதல் ஆட்சேபம். ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். வகுப்பை அமைதிப்படுத்தவும் குறிப்பேட்டை எடுக்கவைக்கவும் பாடவேளைக்கு ஐந்து நிமிடம் வீணாகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு நாளில் ஒரு முழுப் பாடவேளை போய்விடுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதில் எட்டில் ஒரு பங்கு 27 நாட்களுக்கு மேல் வரும். பத்து நாள் செலவழித்து அதில் பாதியை மீட்டாலும் வகுப்புக்கு லாபமே. மேலும், இந்தப் பத்து நாளில் பாடமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதல் பாடத்தை இருவர் இருவராக வாசிக்கவைத்தால், பாடமும் நடக்கும். இணைந்து வாசிக்கும் பழக்கமும் வரும். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் இது பொருந்தும். தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்கப் பழகாத வகுப்பில் எத்தனை சிறப்பு வகுப்பு வைத்தும் பயனில்லை.

இது நமக்குப் புதிய சிந்தனையும் அல்ல. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றி 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-இல் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. அதன் பாட அட்டைகள் மீதும் கற்றல் ஏணிப்படிகள் மீதும் விமர்சனங்கள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால், அந்த வகுப்புகளின் காலை நேரத்தை நினைவுகூர வேண்டும். பிள்ளை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே குறிக்கும். பல் துலக்கியதையும் குளித்ததையும் ஆரோக்கியச் சக்கரத்தில் பதியும். அன்றைய வானிலையை எழுதும். பிறகு தன் அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்காரும். ஆசிரியரின் அதட்டலுக்குக் காத்திராமல் வகுப்பு தொடங்கிவிடும். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் நடத்தும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு இந்தப் பழக்கம்தான் இன்றும் பிடிமானம். அத்தகைய பள்ளியில் ஒரு குழுவுக்கு ஆசிரியர் பாடம் சொல்லும்போது மற்றக் குழுக்கள் தாமாக இயங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நேரம் மிச்சமாவதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்கப் போன தங்கையும் காயமடைந்தார். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பெயரின் அகர வரிசையில் இருக்கை போன்றவை அதன் பரிந்துரைகளில் உண்டு. இருக்கை வரிசைக்கு ஒரு நீதிபதி பரிந்துரை எழுத வேண்டிய நிலை ஏன் வந்தது? முதல் இரண்டு நாளில் பிள்ளைகள் எப்படி உட்கார்கிறார்களோ அதுவே ஆண்டு முழுவதும் உறைந்துவிடுகிறது என்பதால்தான். ஒரே தெருக்காரர்கள் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். அடுத்த தெருவின் பெயர் தெரியும், அடுத்த பெஞ்சின் பெயர் தெரியாது. திருப்பூரிலும் சென்னையிலும் படிக்கும் வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கடைசி வரிசையின் ஓரமே வாய்க்கிறது.

அகர வரிசை ஒரு தொடக்கம். அதன்பின் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஆசிரியரும் வகுப்பும் சரியாகச் சொல்லிப் பழக வேண்டும். பட்டப்பெயருக்கு வகுப்பில் இடம் கூடாது. பலகை துடைப்பது, தண்ணீர்க் குடம் நிரப்புவது போன்ற பொறுப்புகள் முறை வைத்து எல்லோருக்கும் வர வேண்டும். அந்த முறைப்பட்டியல் சுவரில் தொங்க வேண்டும். குறிப்பிட்ட பிள்ளைகளையே கழிப்பறை கழுவவைத்ததாகப் புகார்கள் வந்த மாநிலம் இது. கழிப்பறை வேலை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது என்பதையும் முதல் நாளே உரக்கச் சொல்ல வேண்டும்.

ஒழுங்கு என்றதும் பிரம்பை நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பைப் பிடுங்கிய நாம், அந்த இடத்தில் வேறெதையும் ஆசிரியரின் கையில் தரவில்லை. பிள்ளைகளோடு பேசி வகுத்த நான்கைந்து விதிகளும், அவற்றைப் பழக்க நேரமும்தான் தர வேண்டியவை.

கல்வித் துறைக்கு நடைமுறையின் வலிமை தெரியாமல் இல்லை. பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென 2025-இல் ‘வாட்டர் பெல்’ கொண்டுவந்தது அதே துறைதான். பெருந்தொற்றுக்குப் பின் 2021 நவம்பரில் தொடக்க, நடுநிலை வகுப்புகள் திறந்தபோது, உடனே பாடத்துக்குள் நுழையாமல் கதை, பாட்டு, விளையாட்டு என்று தொடங்கச் சொன்னதும் அதே துறைதான். நீண்ட கோடை விடுமுறைக்குப் பின் வரும் பிள்ளைக்கும் அந்த அவகாசம் தேவை. அதே வேளையில், 2025 ஜூலையில் ‘ப’ வடிவ இருக்கை பற்றிய சுற்றறிக்கை வந்ததும், இடுக்கமான அறையில் அது எப்படி, பக்கவாட்டில் திரும்பியே பார்த்தால் கழுத்து என்னாகும் என்று கேள்விகள் எழுந்தன. வடிவத்தை மேலிருந்து வரைந்து அனுப்பினால் இப்படித்தான் ஆகும். அரசு தர வேண்டியது நேரம்; எப்படி உட்காரவைப்பது என்பதை அந்த அறையையும் பிள்ளைகளையும் அறிந்த ஆசிரியர் முடிவு செய்யட்டும்.

இதற்கு ஆகும் செலவும் அதிகமில்லை. அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டியிலேயே இந்தப் பத்து நாட்களை அச்சிட வேண்டும். எமிஸ் பதிவுகளை மூன்றாம் வாரத்துக்குத் தள்ள வேண்டும். இயன்ற இடங்களில் வேறு பணியாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பொதுமாறுதல் கலந்தாய்வு மே மாதத்துக்குள் முடிய வேண்டும். ஜூனில் பழகிய வகுப்பாசிரியர் ஜூலையில் வேறு ஊருக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அந்த நாட்களில் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் ஆசிரியரை அழைக்கக் கூடாது. இரண்டாம் வாரத்திலேயே வாரத் தேர்வைத் தொடங்கும் தனியார் பள்ளிகளையும் இதற்கான ஆணை கட்டுப்படுத்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இதற்கும் ஒரு திட்டப் பெயர் சூட்டி, பதாகை கட்டி, தினமும் இரண்டு புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னால், ஆசிரியர் மறுபடியும் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கைபேசியைப் பார்க்கத் தொடங்குவார். பத்து நாட்களில் வகுப்பு எப்படி மாறியது என்பதைத் தலைமையாசிரியர் வகுப்புக்குள் போய்ப் பார்க்கட்டும். அறிக்கை கேட்காமல் ஆசிரியரை நம்பும் துணிவு, இந்த ஒரு விஷயத்திலாவது துறைக்கு வர வேண்டும்.