குழாயோடு கழியும் நாட்கள்



ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்து, சிறுநீர் செல்லும் வழியை நெருக்கத் தொடங்குகிறது. மருந்தினால் குணம் காணாதபோது அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. பெரும்பாலும் வயிற்றைக் கீறாமல், சிறுநீர்த் துவாரத்தின் வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் பகுதியைச் செதுக்கி எடுத்து விடுகின்றனர். வெளியே தையலும் இல்லை, வடுவும் இல்லை. ஆகவே வலியும் இராது என்று எண்ணிய பெரியவர், அடிவயிறு திடீரென முறுக்கிப் பிடிக்கும்போது திகைத்துப் போகிறார். குழாய் இருந்தும் சிறுநீர் முட்டுவது போன்ற தவிப்பு உண்டாகிறது. வீட்டாரிடம் சொல்லவோ கூச்சம். இந்தக் கூச்சமே பலருடைய வேதனையை இரட்டிப்பாக்குகிறது.

வலி எங்கிருந்து வருகிறது?

'கதீட்டர்' எனப்படும் இக்குழாய் நழுவி விடாதிருக்க, அதன் நுனியில் நீர் நிரப்பிய சிறு பலூன் ஒன்று சிறுநீர்ப்பையினுள் தங்கியிருக்கும். அந்தப் பலூன் பையின் அடிப்பகுதியை உறுத்துகிறது. உள்ளே ஏதோ இருப்பதாக உணரும் சிறுநீர்ப்பை, அதை வெளியே தள்ளச் சுருங்குகிறது. முறுக்கு வலிக்கும், குழாயின் ஓரமாகச் சிறுநீர் கசிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அறுவை தவறிவிட்டது என்பது இதன் பொருளன்று. அவ்வேளையில் முக்கித் தள்ள முயலக் கூடாது. உடலைத் தளர்த்தி, மூச்சை நீளமாக இழுத்து விட்டால் முறுக்கு மெல்லத் தணியும்.

முதலில் குழாயைப் பாருங்கள்

வலி வந்தவுடன் மாத்திரையைத் தேடுவதற்கு முன், குழாய் எங்கேனும் மடங்கியோ தொடையின் கீழ் நசுங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். ஆனால் தரையில் படக் கூடாது. குழாயைத் தொடையில் பட்டையால் சற்றுத் தளர்வாகப் பொருத்தி வைத்தால் நடக்கும்போது இழுபடாது. பை பாதிக்கு மேல் நிரம்புமுன் காலி செய்யுங்கள்; தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்பினால் கைகளைக் கழுவுங்கள். குழாய் நுழையும் இடத்தை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு மெல்லக் கழுவினால் போதும். பவுடரும் எண்ணெயும் வேண்டாம்.

'தண்ணீர் குடித்தால் பை நிரம்புமே' என்று பலர் குடிப்பதைக் குறைத்து விடுகின்றனர். இது பெருந்தவறு. சிறுநீர் கெட்டியானால் எரிச்சல் மிகும். இரத்தக் கட்டி அடைத்துக்கொள்ளும். இருதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரின் அளவைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லாதிருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பருகலாம். மலச்சிக்கலும் முறுக்கைக் கூட்டும். கீரை, பழம், தேவையானால் மருத்துவர் தரும் இளக்கி ஆகியவற்றால் அதைத் தவிர்க்கலாம்.

மருந்துகள்

சாதாரண வலிக்கு, மருத்துவர் குறித்த அளவில் பாராசிட்டமால் போதுமானது. இப்யூபுரூஃபென் போன்றவற்றைத் தாமாகவே வாங்கி விழுங்கக் கூடாது. சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கக் கூடும். முறுக்கு வலியைத் தணிக்கத் தனி மருந்துகள் உள்ளன. அவை வாயை உலர்த்தும், மலத்தை இறுக்கும், முதியோர் சிலருக்கு மனக்குழப்பத்தையும் தரும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

தொழுகையும் நோன்பும்

குழாய் இருக்கிறதே என்று தொழுகையை விட்டுவிட்டு மனம் குமைவோர் உண்டு. இடைவிடாமல் சிறுநீர் கசிபவருக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. பையைக் காலி செய்து, தொழுகை நேரம் வந்த பின் ஒளூச் செய்து தொழலாம். குனிவதும் ஸஜ்தாச் செய்வதும் வலித்தால் உட்கார்ந்து சைகையால் தொழலாம். ஐயங்களை ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ரமளான் மாதமாயின், தண்ணீரே மருந்தாக இருக்கும் இந்நாட்களில் நோன்பை விட்டுவிட்டு, குணமான பின் நிறைவேற்றலாம்.

தாமதிக்கக் கூடாதவை

சிறுநீர் இளஞ்சிவப்பாக இருப்பதும், பத்துப் பதினைந்து நாட்களில் உள்ளே பொருக்கு உதிர்ந்து மீண்டும் சற்று இரத்தம் தெரிவதும் வழக்கமே. ஆனால் ஓரிரு மணி நேரம் பையில் சிறுநீர் இறங்காமல் வயிறு உப்பினாலோ, கட்டி கட்டியாக அடர்ந்த இரத்தம் வந்தாலோ, குளிருடன் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, குழாய் வெளியே வந்துவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், அல்லது மூச்சுத் திணறலும் அவ்வாறே அவசரமானவை. குழாயைத் தாமாக ஒருபோதும் இழுக்கக் கூடாது. பலூனிலுள்ள நீரை எடுக்காமல் இழுத்தால் உள்வழி கிழிந்துவிடும்.

குழாய் எடுத்த பின் சில நாட்கள் எரிச்சலும், அடக்க இயலாத அவசரமும் இருக்கலாம். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி இதற்கு உதவும். சில வாரங்களுக்குப் பாரம் தூக்க வேண்டாம்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்கள் வாப்பா தாமாக வாய் திறந்து சொல்வார் என்று காத்திராதீர்கள். "சிறுநீர் ஒழுங்காக இறங்குகிறதா? வலிக்கிறதா?" என்று நாளுக்கு இருமுறை நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்வி அவருடைய கூச்சத்தைப் போக்கும். அடைப்பு ஏதும் நேர்ந்திருந்தால் காலத்தில் தெரிந்துவிடும்.