குழந்தைக்கு ஏது சாதி என்று கேட்கும் பயிற்சி அறைகள்

குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு நடக்கும் பயிற்சி முகாம்களில் நம்மில் பலர் உட்கார்ந்திருக்கிறோம். சிலர் ஒப்பந்த ஊழியர்களாக, சிலர் தொண்டு நிறுவனத் திட்ட மேலாளர்களாக, சிலர் களப்பணிக்குப் போன சமூகப்பணி மாணவர்களாக. அங்கே நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தலைமைப் பண்பு, நேர மேலாண்மை, கோப்புப் பராமரிப்பு, மன அழுத்தத்தைக் கையாளுதல், போக்சோ ஓர் அறிமுகம். மதியம் சாப்பாடு, மாலையில் குரூப் போட்டோ, சான்றிதழ். யாராவது கையைத் தூக்கி "இதில் சாதி எங்கே வருகிறது?" என்று கேட்டால், மேடையிலிருந்து சிரித்துக்கொண்டே பதில் வரும்: "குழந்தைக்கு ஏதுங்க சாதி?"

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இது ஒரு பொய். அந்தப் பொய்யின் விலையை நம் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் எல்லோரும் பின்பற்ற வேண்டிய 16 பொதுக் கோட்பாடுகளை வைக்கிறது. அவற்றில் ஒன்று சமத்துவமும் பாகுபாடின்மையும். எந்த அடிப்படையிலும் குழந்தையைப் பாகுபடுத்தக் கூடாது என்று சொல்லும்போது, பாலினத்துக்கு அடுத்தபடியாகச் சாதியின் பெயரை அந்தக் கோட்பாடு சொல்கிறது. குழந்தையைப் பற்றி எழுதப்படும் சமூக விசாரணை அறிக்கையின் படிவத்திலும் சாதிக்கு இடம் இருக்கிறது. அலுவலர் அதை நிரப்புகிறார். நிரப்பிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. சாதிக்குப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, பயிற்சியில் ஒரு மணி நேரம் கிடையாது. நம் புகாரின் சாரம் இவ்வளவுதான்.

இதில் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு, அண்மையில் நடந்தவற்றையே நினைவுபடுத்துவோம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, உங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பண்டம் தரமாட்டோம் என்று கடைக்காரர் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது தெரிய வந்தது. அதை வெளியே கொண்டுவந்தது எந்த அலுவலரின் ஆய்வும் அல்ல, நோயுற்ற குழந்தைகளின் உடம்பு. அதே காலத்தில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைப் பள்ளிக் கழிவறையைக் கழுவ வைத்ததாக ஒரு தலைமையாசிரியர் கைதானார்.

இந்த மூன்றிலும் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள். மூன்றும் நாட்டுக்குச் 'சாதிப் பிரச்சினை'யாகத்தான் தெரிந்தன. 'குழந்தைகள் பாதுகாப்புப் பிரச்சினை'யாக ஏன் தெரியவில்லை? குழந்தைத் திருமணம், குழந்தைத் தொழிலாளர், பாலியல் கொடுமை என்று பயிற்சியில் வரிசைப்படுத்துகிற தலைப்புகளில் தீண்டாமை என்ற தலைப்பு இல்லை. தலைப்பில் இல்லாதது மாதாந்திர அறிக்கையில் வராது. அறிக்கையில் வராதது மாவட்ட ஆட்சியரின் ஆய்வுக் கூட்டத்துக்கு வராது. கூட்டத்தில் கேட்கப்படாத கேள்வியை எந்தக் களப்பணியாளரும் தெருவில் போய்க் கேட்கப் போவதில்லை.

அதனால்தான் மேலாளர்களைப் பற்றிப் பேசுகிறோம். களப்பணியாளர் ஒரு குழந்தையைப் பார்க்கிறார். எதைக் குறித்து வர வேண்டும், எதை எண்ண வேண்டும், எந்தக் கோப்பு முதலில் நகர வேண்டும் என்று முடிவு செய்பவர் மேலே இருக்கிறவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரியாத சட்டம் அந்த மாவட்டத்துக் குழந்தைக்கு இல்லாத சட்டம்.

ஓர் உதாரணம். பட்டியல் சாதிச் சிறுமி ஒருத்திக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர். போக்சோ வழக்கு பதிவாகிறது, குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போகிறது. பயிற்சி பெற்ற மேலாளர் ஆதரவு நபரை ஏற்பாடு செய்வார், இடைக்கால இழப்பீட்டுக்கு முயற்சி எடுப்பார். நல்லது. ஆனால் அதே முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க அவருக்குத் தெரியுமா?

சேர்த்தால் என்ன மாறும்? விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தீருதவித் தொகை பகுதி பகுதியாகக் குடும்பத்துக்கு வர வேண்டும், அதற்கு மாவட்ட நிர்வாகம் 7 நாட்களுக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும். முன்பிணைக்கு வழி அடைபடும். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பும் தகவல் அறியும் உரிமையும் உண்டு. குற்றவாளிக்கு அந்தக் குடும்பத்தோடு ஏற்கெனவே அறிமுகம் இருந்தால், சாதி அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 8ஆவது பிரிவு சொல்கிறது.

இத்தனை பாதுகாப்பும் அந்தச் சிறுமிக்கு உரியவை. ஊரில் பஞ்சாயத்து கூட்டி, "பொம்பளப் புள்ள விஷயம், பேசி முடிச்சுக்கலாம்" என்று அவள் அப்பாவை மிரட்டும் நேரத்தில் அவளுக்குத் தேவைப்படுவதும் இவைதான். 'மனதைத் தேற்றுவது எப்படி' என்று மூன்று மணி நேரம் வகுப்பெடுக்கிறார்கள். அவளை மிரட்டுகிற சாதியை எதிர்கொள்ளச் சட்டம் என்ன கொடுத்திருக்கிறது என்று அரை மணி நேரம் சொல்ல முடியாதா? வன்கொடுமைச் சட்டம் ஆதிதிராவிடர் நலத்துறையின் வேலை, குழந்தை எங்கள் வேலை என்று துறை பிரித்துக்கொள்கிறார்கள். குழந்தையை எங்கே வெட்டிப் பிரிப்பார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12ஆம் வகுப்புப் படித்த தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வந்தவர்கள் அவனோடு படித்த மாணவர்களும் அவர்களைச் சேர்ந்த சிறுவர்களும். அதற்கு முன்பே அவர்களின் தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். பள்ளியில் புகார் எழுதிக் கொடுத்த பிறகு, அன்று இரவே வெட்டு விழுந்தது.

இந்த ஒரு சம்பவத்தில் இளைஞர் நீதிச் சட்டத்தின் இரண்டு பாதிகளும் இருக்கின்றன. வெட்டுப்பட்டவர்கள் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள். வெட்டியவர்கள் சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தைகள். இரு தரப்புக்கும் பொறுப்பு ஒரே துறை. பள்ளிக்கு வராத மாணவனைப் 'படிப்பில் ஆர்வமின்மை' என்று எழுதாமல், ஏன் வரவில்லை என்று கேட்க யாருக்குப் பயிற்சி இருக்கிறது? கூர்நோக்கு இல்லத்துக்குப் போன சிறுவனைப் பற்றி 15 நாட்களுக்குள் அறிக்கை எழுதும் நன்னடத்தை அலுவலர், அவன் கையில் கட்டியிருந்த கயிற்றைப் பற்றி என்ன எழுத வேண்டும்? 'கோபத்தைக் கட்டுப்படுத்தும் ஆலோசனை' என்று தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் முடிந்ததா? அது வெறும் கோபமில்லை தோழர்களே. வீடும் ஊரும் சங்கமும் சேர்ந்து அவனுக்கு ஊட்டிய சாதிப் பெருமிதம்.

அந்தச் சிறுவர்களைப் பெரியவர்களைப் போல் தண்டித்துவிடு என்று கேட்கிற கூட்டத்தில் நாம் இல்லை. அவர்களும் குழந்தைகள்தான், திருந்தும் வாய்ப்பு அவர்களுக்கு வேண்டும். ஆனால் எதிலிருந்து திருந்த வேண்டும் என்றே சொல்லாத சீர்திருத்தம் வெறும் காத்திருப்பு. நாங்குநேரிக்குப் பிறகு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கல்வி நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் உட்பட்ட சட்டங்களைப் பற்றி ஆண்டுதோறும் பயிற்சி வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பள்ளிக்கு வேண்டும் என்றால், பள்ளியில் தோற்றுப்போன பிள்ளை வந்து நிற்கிற குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வேண்டாமா?

இது இன்றைய பிரச்சினை மட்டுமல்ல. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் பாபாசாகேப் அம்பேத்கர் 1901இல் நடந்ததை எழுதியிருக்கிறார். தாயில்லாத பிள்ளைகள், வேறு ஊரில் வேலை செய்யும் அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. நல்ல உடுப்பைப் பார்த்து அன்பாகப் பேசிய நிலைய அதிகாரி, மகர் என்று தெரிந்ததும் விலகிப் போகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரவு முழுக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

இந்தப் பிள்ளைகள் இன்று நம் ஊர் ரயில் நிலையத்தில் இறங்கியிருந்தால் 1098க்கு அழைப்பு போகும். 'பெரியவர் துணையின்றிப் பயணித்த குழந்தைகள். தாய் இல்லை. தந்தை உடன் இல்லை. குடும்பக் கவனிப்பு போதாது' என்று கோப்பு எழுதப்படும். எல்லாம் உண்மை. ஆனால் அந்த இரவில் அவர்களுக்குத் தண்ணீர் தராதது அவர்கள் அப்பா அல்லவே! சாதியைப் பார்க்கத் தெரியாத அலுவலர் எப்போதும் குற்றத்தைக் குடும்பத்தின் மேல்தான் எழுதுவார். செங்கல் சூளைக்குப் பிள்ளையோடு போகிற இருளர் தாய் 'அலட்சியமானவள்' ஆவாள். முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்ட சூளைக்காரர் கோப்பிலேயே இருக்கமாட்டார். அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்களின் வறுமையை அந்நாட்டுக் குழந்தைநலத் துறை அலட்சியமாகப் படிப்பதை டோரதி ராபர்ட்ஸ் 2001லேயே புத்தகமாக எழுதி விவாதத்துக்குக் கொண்டுவந்தார். நம் பயிற்சி அறைகளில் அந்த விவாதத்தின் வாசலைக்கூடத் திறக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊழியர்களைத் திட்டுவது நம் நோக்கமல்ல. 2009இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமாகத் தொடங்கி, இன்று மிஷன் வாத்சல்யாவாக ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகித நிதியில் நடக்கும் இந்தத் திட்டம் ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதுகில்தான் நிற்கிறது. தொகுப்பூதியம், ஆண்டுதோறும் புதுப்பிப்பு. அவர்களில் பலர் நம் தெருக்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்த பெண்கள். ஊர்ப் பெரியவரை எதிர்த்து அறிக்கை எழுதினால் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் 'துணிச்சலான தலைமை' பற்றிப் பவர்பாயிண்ட் போடுவது கேலி. பணிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் திறன் மேம்பாடு பாதி பொய். பயிற்சியும் வேண்டும், அதைப் பயன்படுத்தினால் வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும்.

நாம் கேட்பது பெரிய விஷயமில்லை.

போக்சோவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தனித்தனி வகுப்பாக இல்லாமல், ஒரே முதல் தகவல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிற 4ஆவது பிரிவும் அந்த வகுப்பில் வர வேண்டும்.

கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் கூட்டம் எங்கே நடக்கிறது, ஊர்த்தெருவிலா காலனியிலா, அங்கே நம் பெண்கள் நாற்காலியில் உட்கார்கிறார்களா என்று பார்த்து எழுதுவது களப்பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

சாதிக் கொடுமையைக் கடந்து வந்தவர்களும் வழக்கு நடத்தியவர்களும் பயிற்றுநர்களாக, மதிப்பூதியத்தோடு, மேடையில் உட்கார வேண்டும். அவர்களைக் 'கேஸ் ஸ்டடி'யாகக் காட்டியது போதும்.

வன்கொடுமை வழக்குகளை ஆராயும் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் கலந்துகொண்டு, குழந்தைகள் பாதிக்கப்பட்ட வழக்குகளின் நிலையைச் சொல்ல வேண்டும். அவருடைய பணி மதிப்பீட்டில் அது இடம்பெற வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஐந்தில் ஒரு குழந்தைக்கு நடப்பதைப் பற்றித் தெரியாமல் ஒரு மாவட்டத்தின் குழந்தைகளைப் பாதுகாக்க முடியும் என்று நம்புகிறவர்களிடம் நிர்வாகத் திறமை பற்றி நாம் என்ன பேச?

மாணவத் தோழர்களே, இதை நீங்களே சோதிக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் உங்கள் மாவட்டத்துக்கு மூன்று கேள்வி அனுப்புங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த பயிற்சிகளின் நிகழ்ச்சி நிரல் என்ன? அவற்றில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு எத்தனை மணி நேரம்? பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் பாதிக்கப்பட்ட போக்சோ வழக்குகளில் எத்தனையில் அந்தச் சட்டமும் சேர்க்கப்பட்டது? 30 நாட்களில் பதில் தர வேண்டும். பதில் வந்தால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசுவோம். 'இத்தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை' என்று வந்தால் அதுவும் பதில்தான். அதை மேல்முறையீட்டுக்குக் கொண்டு போங்கள், உங்கள் துறைத் தலைவரின் மேசையில் வையுங்கள், அடுத்த பயிற்சியில் எழுந்து நின்று வாசியுங்கள்.

ஜெய் பீம்.