மஞ்சள் எச்சரிக்கையும் மாலை இடியும்

ஐப்பசி என்றால் தமிழ்நாட்டில் அடைமழை. மும்பையிலோ அதற்குள் மழை விடைபெறத் தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவமழை இங்கிருந்து விலகும் வழக்கமான நாள் அக்டோபர் 8. விலகும் அந்நாள்களில்தான் இடி மிகுதி. பகல் வெயிலில் நிலம் சூடேற, கிழக்கே சகியாத்திரி மலைப்பக்கம் முகில் திரண்டு மாலையில் நகரை நோக்கி வரும். சிறிய முகில்தான், தாணேயை நனைத்துவிட்டு வடாலாவைத் தொடாமலும் போகும்.

எனவே, காலையில் கேட்ட ‘மும்பைக்கு மஞ்சள் எச்சரிக்கை’ வடாலாவுக்குப் போதாது என்பேன். மும்பை முழுவதற்கும் ஒரே நிறம் எவ்வாறு பொருந்தும்? 2005 சூலை 26 பெருமழையில் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தது, கொலாபாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வடாலா இரண்டுக்கும் நடுவில் உள்ளது.

மாலையில் விளையாடச் செல்லுமுன், வானிலைத் துறை அடுத்த 3 மணி நேரத்துக்கென வெளியிடும் முன்னறிவிப்பைப் பாருங்கள். கிழக்கு வானத்தையும் பாருங்கள். இடியோசை கேட்டால், ஒரு துளி மழை விழாவிட்டாலும் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும், மரத்தடி ஆகாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுத்தே திடலுக்குத் திரும்பலாம், ஆட்டம் பாதியில் நின்றிருந்தாலும்.