வேதனையும் வேதமும்

ஈன்றெடுக்கும் தாய் துடிக்கிறாள். அருகே நிற்பவர் சொல்வது என்ன? "பெண்ணாய்ப் பிறந்தவள் பட்டுத்தானே ஆகவேண்டும்!" நம் நாட்டுப் பாட்டிமார் மட்டும் பாடும் பல்லவியன்று இது. ஸ்காட்லாந்திலும் ஒலித்த பல்லவி! அங்கே அதற்கு விவிலியத்தையே சான்று காட்டினர். விலக்கப்பட்ட கனியை ஏவாள் தின்றாளாம். அதற்குத் தண்டனையாகப் பெண்ணினம் முழுவதும் நொந்து பெறவேண்டுமாம்! கனி தின்றவள் ஒருத்தி; கண்ணீர் வடிப்போர் கோடானுகோடி! இதற்குப் பெயர் நீதியா?

அந்நாட்டின் தலைநகராம் எடின்பரோவிலே, 1840-இல், மகப்பேறு மருத்துவர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அதே ஆண்டு, பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றுப் பேராசிரியரானார் ஜேம்ஸ் யங் சிம்சன். அச்சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். பிரபுவின் பிள்ளையல்லர், பாத்கேட் என்ற சிற்றூரில் ரொட்டி சுட்டு விற்றவரின் மகன்! பதவியேற்றபோது வயது 28.

1847 நவம்பர் 4 இரவு, தம் இல்லத்திலே, நண்பர் இருவருடன் குளோரோபாரத்தை முகர்ந்தார். மூவரும் மயங்கி வீழ்ந்தனர்! தம் உடலிலே சோதித்ததைச் சில நாட்களிலேயே தாய்மாரின் நோவு தணிக்கக் கொண்டுவந்தார். மதத்தின் பேரால் வரும் தடைக்கு மறுப்பாக அடுத்த மாதமே சிறுநூல் ஒன்றும் வெளியிட்டார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவன் அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தவில்லையா என்று மடக்கினார். ஆணுக்கு உறக்கம், பெண்ணுக்கு மட்டும் ஓலமா? 1853-இல் விக்டோரியா அரசியாரே குளோரோபாரம் முகர்ந்து எட்டாவது மகவை ஈன்றார். அரண்மனைக்கு ஆகுமெனில், குடிசைக்குப் பாவமாவது எப்படி?

மருந்து ஆபத்தற்றது என்று கூறவில்லை நாம். 1848 சனவரியில், கால்விரல் நகத்தை அகற்றக் குளோரோபாரம் தரப்பட்ட 15 வயதுச் சிறுமி ஹன்னா கிரீனர் மாண்டாள். அது கேட்டு எழுந்த ஐயம் அறிவின் ஐயம். அளவை ஆராயச் சொல்லும் ஐயம். 'ஆண்டவன் இட்ட தண்டனை, தீண்டாதே' என்பதோ அறிவைப் பூட்டும் பூட்டு!

சங்கத்தின் பணி இங்கேதான் விளங்குகிறது. பிழைத்தவளின் கதையோடு இறந்தவளின் கதையையும் சக மருத்துவர் முன் வைக்கவேண்டும்; கேட்ட கேள்விக்கு விடை தரவேண்டும்; தவறெனில் திருந்தவேண்டும். சாத்திரம் சொல்வது, வினவாதே! சங்கம் சொல்வது, வினவு!

இங்கே நிலை என்ன? 1950-இல், நம் சென்னையிலேதான் இந்திய மகப்பேறு மருத்துவர் சங்கங்கள் கூட்டமைப்பாக இணைந்தன. அதே மண்ணில் இன்று, வயிறு கீறிக் குழந்தையை எடுக்கச் சோதிடரிடம் நாழிகை கேட்கிறார்களே! நாள் நிறையுமுன் எடுத்த குழந்தை மூச்சுக்குத் திணறக்கூடும். திணறும் குழந்தைக்கு மூச்சுத் தருவது குருபலமா, மருத்துவமனைக் கருவியா?

தனி மருத்துவர் ஒருவர் மறுத்தால், குடும்பம் அடுத்த மருத்துவமனை தேடும். சங்கம் ஒன்றுபட்டு மறுத்தால் எங்கே போகும்? ஆகவே, மருத்துவச் சங்கங்களே, 'பஞ்சாங்கத்துக்காகக் கத்தி எடுக்கமாட்டோம்' என்று ஒரே குரலில் முழங்குங்கள்! இளைஞனே, அம்முழக்கம் எழும்வரை காத்திராதே. உன் வீட்டிலே, உன் துணைவியின் பேறுகாலத்திலே, சோதிடனுக்கு வாயிற்கதவை அடை!