உழவனைத் துரத்திய உதவிப்பணம்

அரசு கொடுக்கும் உதவிப்பணம் உழைப்பவனைச் சென்று சேராதபொழுதெல்லாம், ‘திட்டம் நல்லது, இடையில் நின்றவரே கெட்டவர்’ என்று கூறி ஆட்சியாளர் தப்பித்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். நீர் வாய்க்காலில் கசிந்ததா, அன்றி மடையே செல்வன் வயலை நோக்கித்தான் வெட்டப்பட்டதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் துணிந்தவர்க்கு, அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்துப் பாயின்செட்டு மாவட்டம் ஒன்றே விடை கூறும்.

1929-இல் பவுண்டுக்கு 16 செண்டுக்குமேல் விற்ற பருத்தி, 1932-இல் 7 செண்டுக்கும் கீழே விழுந்தது. 1933 மே மாதம் உரூசுவெல்ட்டு ஆட்சி வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தைக் கொணர்ந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். குறைப்பவர்க்கு அரசு பணம் தரும். அவ்வாண்டே ஏறத்தாழ 1 கோடி ஏக்கர்ப் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. விலை ஏறியது, அதை நாம் மறுக்கவில்லை. எவர்க்காக ஏறியது என்பதே நம் கேள்வி!

1934, 1935 ஆண்டுகளுக்கான உடன்படிக்கையைப் பாருங்கள். பயிரிடாது விட்ட நிலத்தில் விளைந்திருக்கக்கூடிய பருத்திக்குப் பவுண்டுக்கு 4½ செண்டு. அதில் 4 செண்டு நிலவுடைமையாளர்க்கு; ½ செண்டு வாரக்குடிக்கு! விளைந்த பருத்தியில் செம்பாதி பெற்றவனுக்கு, விளையாத பருத்தியில் ஒன்பதில் ஒரு பங்கு! அவ்வரைச் செண்டும் நிலவுடைமையாளர் கைவழியாகவே அவனுக்கு வரவேண்டும். இதைக் கண்காணிக்க அமைந்த மாவட்டக் குழுக்களிலோ, நிலவுடைமையாளரே மேலோங்கியிருந்தனர். வேலியே பயிரை மேய்ந்தது என்பதா? மேய்வதற்கென்றே வேலி கட்டினார்கள் என்பதே பொருந்தும்.

‘இயன்ற அளவு’ குடிகளை நீக்காதிருக்க வேண்டும் என்றது உடன்படிக்கை. அவ்விரண்டு சொற்களே ஏழையரின் குடிசையைப் பிரித்தெறியப் போதுமானவையாயின. நிலம் சுருங்கிற்று, குடிகள் துரத்தப்பட்டனர். 1934 சூலையில், அம்மாவட்டத்துத் தைரொன்சா ஊரருகே வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் எழுவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடித் தென்னக வாரக்குடிகள் ஒன்றியத்தைத் தொடங்கினர். நிறத்தால் மாந்தரைப் பிரித்து வைத்திருந்த மண்ணில், பசி அவர்களை ஒன்றாக்கிற்று! குடிகளை மாற்றாது வைத்திருத்தல் கடமை என்று உடன்படிக்கைக்குப் பொருள் கூறிய வழக்கறிஞர்களை 1935 பிப்பிரவரியில் அவ்வேளாண்மைத் துறையே பணிநீக்கம் செய்தது. இதன் பின்னும் இதனை இடையில் நேர்ந்த தவறு என்பதா?

‘நிலத்துக்கு வரி கட்டுபவன் அவன், எனவே பணமும் அவனுக்கே’ என்பார் உளர். விலை விழுந்தபொழுது வாரக்குடியின் பாதியும் உடன் விழவில்லையா? இழப்பில் பங்காளி, ஈட்டில் அயலானா?

பின்னர்ப் பணம் குடிகளுக்கே நேராகச் செல்லுமாறு முறை மாற்றப்பட்டது. உடனே நிலவுடைமையாளர் பலர், வாரக்குடியை நீக்கிவிட்டு நாட்கூலிக்கு ஆள் அமர்த்தினர். குடி இல்லையேல் பங்கும் இல்லையன்றோ! 1970-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர்க்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என வரம்பு கட்டியது. பண்ணைகள் பல பெயர்களாகப் பிளந்தன. 2018-ஆம் ஆண்டுச் சட்டமோ, தனித்தனியே பணம் பெறத்தக்க பண்ணைக் குடும்பத்தில் உடன்பிறந்தாரின் மக்களையும், பெற்றோரின் உடன்பிறந்தார் மக்களையும் சேர்த்துக்கொண்டது. நிலவுடைமையாளர்க்கு உறவு நீண்டுகொண்டே போகிறது. உழைத்தவனுக்கோ ஓர் உறவும் இல்லை!

உதவிப்பணம் தீதன்று. அதனை நிலத்தின் பரப்பால் அளப்பதே தீது. பரப்பால் அளந்தால், பரப்பு உடையவன் பெறுவான். அப்பணத்தாலேயே இன்னும் பரப்பை வாங்குவான். கையின் உழைப்பால் அளக்காத எந்தத் திட்டமும், எத்துணை இனிய பெயர் தாங்கினும், உழவனைத் துரத்த உழவன் பெயராலேயே கொடுக்கப்படும் கூலியே ஆகும்!