கை கொடுப்பார் யார்?

"கை கொடுத்து உதவுங்கள்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். கையையே கொடுக்கும் காலம் வந்துவிட்டது, நண்பர்களே! 2015 சனவரியில் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் டாக்டர் சுப்பிரமணிய ஐயர் குழுவினர், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இரு கைகளை, கைகளிழந்த மற்றொருவருக்குப் பொருத்தினர். இந்தியாவில் அதுவே முதல் முறை. 2018 பிப்ரவரியில் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையும் அதைச் செய்தது. அரசு மருத்துவமனையில், ஒரு தொழிலாளிக்கு, காசு வாங்காமல்!

"கை ஒட்டிக்கொண்டது" என்றதும் செய்தித்தாள் நின்றுவிடும். அறிவியல் படிக்கும் நாம் நிற்கலாமா? இணைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். வெட்டுண்ட இடத்திலிருந்து விரல் நுனி 25 சென்டிமீட்டர் என்றால், உணர்வு போய்ச் சேர 250 நாள்! அதுவரை நாள்தோறும் பயிற்சி. அதைவிடப் பெரிய தொல்லை தோல். அயலான் தோலைக் கண்டு உடலின் காவற்படை சீறுவதுபோல் சிறுநீரகத்தைக் கண்டுகூடச் சீறுவதில்லை. அதை அடக்க, டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை ஆயுள் முழுதும் உண்ண வேண்டும். அவையோ நோய்த் தொற்றுக்கு வழி திறக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், நீரிழிவைத் தரும், புற்றுநோய்க்கும் இடங்கொடுக்கும். 1998இல் பிரான்சின் லியோன் நகரில் கை பெற்றவர் மருந்தை நிறுத்திவிட்டார். 2001இல் அவர் விருப்பப்படியே அக்கையை அகற்றினர். 2005இல் அமியேன் நகரில் உலகிலேயே முதலாவதாக முகத்தின் ஒரு பகுதியை மாற்றிப் பெற்ற பெண்மணி, அம்முகத்தோடு பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்து 2016இல் மறைந்தார்.

கையில்லாதவன் சாகமாட்டானே, அவனுக்கு ஏன் இந்த ஆபத்து என்பார் உளர். ஒரு கை எஞ்சியவருக்கு அக்கேள்வி பொருந்தும். இரண்டும் இழந்தவர் தம் சோற்றைத் தாமே பிசைந்து உண்ண விரும்பினால், வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆனால் கை பொருத்திய நாளில் மாலை சூட்டும் அரசு, இருபதாண்டு கழித்தும் மாத்திரை தர உறுதி கூற வேண்டும். கூலியாளின் வருவாயில் அம்மருந்து கட்டுப்படியாகாது. (இந்நகரத்துப் பிரஸ் பட்டறைகளில் பொறிக்குக் காப்பு மாட்டுவது இதனினும் மலிவு என்பதையும் முதலாளிகள் நினைக்கட்டும்.)

இனி, கொடுப்பவர். சிறுநீரகம் எடுத்தால் வெளியே தெரியாது, கை தெரியும். கண் கொடுக்க இசையும் குடும்பமும் கையென்றால் தயங்குகிறது. உடலுக்குச் செயற்கைக் கை பொருத்தியே ஒப்படைக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நாம் அட்டையில் கையெழுத்திட்டாலும் இறுதியில் இசைவு தர வேண்டியவர் ஊரிலிருக்கும் பெற்றோரே. பொங்கலுக்குப் போகும்போது வாய் திறந்து பேசிவிட்டு வாருங்கள். நான் என் அம்மாவிடம் பேசினேன். "கண்ணை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், கையில்லாமல் பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்றார். செயற்கைக் கையைப் பற்றிச் சொன்னேன். பேச்சு இன்னும் முடியவில்லை.