ஓரங்குல மறவனுக்கு என்ன நிறம்?

சோழர் பெருமையை மேடைதோறும் முழங்கும் தமிழகத்தில், ஒரு சோழப் போர்மறவன் இடையில் உடுத்தியிருந்த துணியின் நிறம் யாது எனக் கேட்டால் விடை கூறுவார் அரியர். கேடயம் வட்டமா நீளமா, தலையில் பாகை இருந்ததா கொண்டை மட்டுமா, வில்லை ஏந்தியவன் இடையில் வாளும் செருகினானா என்று தொடர்ந்து கேட்டால் மேடையே வெறிதாகிவிடும். ஆனால் இவ் வினாக்களை எழுப்பி, விடை காணாமல் ஓர் அடியும் நகர மாட்டாதார் ஒரு சாரார் உளர். அவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். ஓரங்குல உயரமுள்ள மாழைப் பாவைகளுக்கு வண்ணந் தீட்டி, அவற்றை மேசைமேல் அணிவகுத்துப் போராடும் மேலை நாட்டு விளையாட்டுக்காரர்.

இவ் விளையாட்டு சிறுபிள்ளைகளுக்கென்று தோன்றியதன்று. புருசிய நாட்டில் இரெய்சுவிட்சு என்பார் 1812-இல் தம் அரசருக்குப் போர்ப்பலகை ஒன்றைச் செய்து காட்டினார். அவர் மகனார் 1824-இல் வகுத்த விதிகளைப் படைத்துறையே ஏற்றுத் தன் அலுவலர்க்குப் பயிற்சியாக்கிற்று. 1893 முதல் பிரிட்டன்சு என்னும் ஆங்கில நிறுவனம் உள்ளீடற்ற ஈயப் பாவைகளை வார்த்து மலிவாக்கியது. வெள்ளையன் தைத்துக் கொடுத்த சீருடையில் சென்னைக் காலாட்படையாரும் அங்கு வார்க்கப்பட்டனர். அங்கு ஈயத்தில் தமிழனுக்குக் கிடைத்த உருவம் கூலிப்படையாள் உருவம்! 1913-இல் எச். சி. வெல்சு வீட்டுத் தரையில் ஆடுதற்குரிய விதிகளை நூலாக்கினார். 1969 முதல் இங்கிலாந்தில் ஒரு குழுவினர் பழங்காலப் படைகளுக்கெனத் தனி விதிநூல்களும், அவற்றைத் தொடர்ந்து நாடுதோறும் காலந்தோறும் படை எவ்வாறு அமைந்தது என்னும் பட்டியல்களும் வெளியிட்டனர். போட்டிக்கு வருவோன் தன் படையைப் பட்டியலுக்கு இயைய அமைத்திருத்தல் வேண்டும். இல்லாத குதிரையைக் கூட்டவும் இருந்த யானையைக் குறைக்கவும் அவனுக்கு உரிமையில்லை.

அப் பட்டியல்களில் தமிழர்க்கும் இடம் உண்டு. எப்படிப்பட்ட இடம்? தமிழரையும் சிங்களவரையும் ஒரே தலைப்பின்கீழ் இணைத்து, கிறித்துவுக்கு முற்பட்ட காலந்தொட்டு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேலாக ஒரே படை! தகடூரை முற்றிய சேரன் மறவனும், 1025-இல் இராசேந்திரனுக்காகக் கடல் கடந்த மறவனும் ஒரே வார்ப்பில் நிற்கின்றனர். இதற்காக அயலாரைக் கடிந்துகொள்வது எளிது. அவர்கள் ஆங்கிலத்தில் கிடைத்ததைக் கொண்டு செய்தனர். கிடைக்கும்படி எழுதியிருக்க வேண்டியவர் யார்? ஆண்டுக்கொரு வெற்றிவிழா எடுத்துக் கலைந்துபோகிறவர்கள் அன்றோ?

பாவைக்கு வண்ணந் தீட்டும் முறையைச் சற்றே நின்று பார்த்தல் தகும். வார்ப்பில் இருந்து எடுத்தவுடன் வண்ணம் ஏறாது. அச்சின் இரு பாதியும் பொருந்திய கோட்டில் மெல்லிய பிசிறு நிற்கும்; அதனைச் சிற்றரத்தாலும் கத்திமுனையாலும் நீக்கி, சவர்க்கார நீரிற் கழுவி, உலர்த்தி, ஒரே நிறத்தில் அடிப்பூச்சுக் கொடுப்பர். அதன்மேல் உடல், உடை, படைக்கலன் என ஒவ்வொன்றற்கும் உரிய நிறம். பின்பு கருஞ்சாயத்தை நீர்க்கக் கரைத்துத் தடவினால் அது துணி மடிப்பிலும் விரலிடுக்கிலும் தங்கி நிழலாகும். மேடான இடங்களில் வெளிர்நிறத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தால் ஒளியாகும். ஓரங்குல உருவத்தின்மேல் விழும் வெயில் தானே போதிய நிழல் தாராது ஆகலின், நிழலையும் தீட்டுவோனே படைக்கவேண்டும். பலர் கை படுதலால், வார்னீசு என்று கடையிற் கேட்டு வாங்கும் மெருகெண்ணெய் இறுதியில் வேண்டும். 15 மி.மீ. பாவையாயின் 40 மி.மீ. அகலமும், 25 மி.மீ. பாவையாயின் 60 மி.மீ. அகலமும் உள்ள அடித்தட்டில் மூவர் நால்வராக ஒட்டி, பசை தடவி மணல் தூவிவிட்டால் ஓர் அணி உருவாகிவிடும்.

இதில் ஒரு செய்தி உறுத்தும். நெடுங்காலமாகத் 'தோல் நிறம்' என்று பெயரிட்டுக் குப்பியில் விற்கப்பட்ட சாயம் வெளிர்சிவப்பு. மாந்தன் என்றாலே வெள்ளையன் என்பது அக் குப்பியின் கொள்கை. தமிழ் மறவனுக்கு அது உதவாது. ஒரே பழுப்பை எல்லார்க்கும் அப்புவதும் பிழையே. கருமையும் மாநிறமும் செம்மையும் விரவி நிற்பதன்றோ தமிழர் கூட்டம்? யானையும் அப்படித்தான். கடையில் வாங்கும் நெகிழி யானைகள் பலவற்றிற்குச் செவி முறம்போல் அகன்றும் முதுகு குழிந்தும் இருக்கும். அவை ஆப்பிரிக்க யானைகள். தமிழகத்து யானைக்குச் செவி சிறிது, முதுகு மேடு.

உடைக்கும் படைக்கலத்திற்கும் சான்று எங்கே? செங்கம் வட்டாரத்து நடுகற்களில் இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளும் ஏந்தி நிற்கும் மறவரைக் காணலாம். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றாலையில் எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் போர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கல் நிறம் சொல்லாது. ஆயினும் 1931-இல் எசு. கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெருங்கோயில் உட்சுற்றில் கண்டறிந்த சோழர் ஓவியம் நிறமும் சொல்லும். அக் கோயிற் கல்வெட்டுகளில் உத்தமசோழத் தெரிந்த அந்தளகத்தாளர், நிகரிலிசோழத் தெரிந்த உடனிலைக் குதிரைச் சேவகர், மும்முடிசோழத் தெரிந்த ஆனைப்பாகர் எனப் படைப்பிரிவுகள் பெயர் பெயராக நிற்கின்றன. அவுரியின் நீலமும் சாயவேரின் செம்மையும் மஞ்சளும் இம் மண்ணின் சாயங்கள். சான்று கிட்டாத இடத்தில் சாயமேறாத வெண்பருத்தியே தீட்டப்படவேண்டும். திரைப்படத்தில் கண்ட பொன்னும் பட்டும் அங்கு நுழையலாகாது. தொல்காப்பியம் சேரர்க்குப் போந்தையும் பாண்டியர்க்கு வேம்பும் சோழர்க்கு ஆரும் போர்ப்பூவாகக் கூறியிருக்க, அப் பூவை ஆயிரம் ஆண்டு கழித்து வந்தவன் தலையில் ஆராயாமற் சூட்டுவதும் தவறே. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என நிரை கவர்தலும் படையெடுப்பும் முற்றுகையும் நேர்ப்போரும் வேறு வேறு திணையாகப் பிரித்துவைத்த மொழியார்க்கு, ஒரு படையைக் காலமும் நிலையும் பிரித்து நோக்குவது புதிய பாடமன்று.

எப் போரை முதலிற் செய்வது? கடாரம் என்பர் பலர். தக்கோலமே தக்கது. இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்தை அடுத்துள்ள அவ்வூரில், 949-இல் முதற் பராந்தகன் மகன் இராசாதித்தன் இராட்டிரகூடக் கன்னரதேவனை எதிர்த்து யானைமேல் இருந்தபடியே மாண்டான். 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' என்று கல்வெட்டு அவனைக் குறிக்கும். தலைவன் வீழ்ந்தான், படை சிதறிற்று, தொண்டைநாடு கைவிட்டுப் போயிற்று. அவன் வீழ்ந்த விதத்தைச் சான்றுகள் இருவேறாகக் கூறும். ஆதகூர்க் கன்னடக் கல்வெட்டு, கங்க மன்னன் பூதுகன் அம்பாரியையே போர்க்களமாக்கிக் குத்திக் கொன்றான் என்னும். ஆனைமங்கலச் செப்பேடோ பகைவர் அம்பு நெஞ்சைத் துளைத்தது என்னும். மேடைப் பேச்சாளன் இரண்டையும் விழுங்கிவிடலாம். பாவை செய்வோன் அவ்வாறு தப்ப இயலாது. நெஞ்சில் அம்பை நிறுத்துவதா, அம்பாரியில் பூதுகனை ஏற்றுவதா என்று அவன் முடிவு செய்தே தீரவேண்டும்.

இப் போரின் எச்சம் வடசென்னையிலேயே உள்ளது. மணலியை அடுத்த மாத்தூரிலிருந்து கிழக்கே, ஆலைப் புகைபோக்கிகளைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் திருவொற்றியூர்க் கோயில். சேரநாட்டு வல்லபன் என்பான் இராசாதித்தனுக்கு உற்ற துணைவன். தக்கோலத்தில் தன் தலைவன் மடிந்தபோது பக்கலில் இல்லாது போனான். உடன் மாயாது உயிர்தாங்கிய நாணம் அவனைத் துறவாக்கிற்று. சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு திருவொற்றியூர் மடத்துத் தலைவராய் அவர் வாழ்ந்ததைக் கன்னரதேவனின் இருபதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அக் கோயிலிலேயே கூறுகின்றது. வென்றவன் ஆட்சியாண்டைப் பொறித்த கல்லில் தோற்றவன் தோழன் கதை! அதனைக் காணாமலே மாத்தூர்ப் பிள்ளைகள் வாட்டர்லூவை மனப்பாடம் செய்கின்றனர்.

2009-இல் முள்ளிவாய்க்காலைக் கண்ட இனம் போரை விளையாட்டாக்குவதா என்று வினவுவோர் உளர். அவ் வினா மதிக்கத்தக்கது. வெடியும் குண்டும் கொண்டு ஆடும் திரைவிளையாட்டைப் பற்றியதாயின் முற்றிலும் பொருந்தும். தோல்வியை ஒதுக்கிவிட்டு வெற்றியை மட்டும் பாடும் இனம் ஏன் தோற்றோம் என்பதைக் கற்பதே இல்லை. தக்கோலத்தைப் பத்துமுறை மேசைமேல் ஆடும் மாணவன், படை முழுதும் ஒருவன் யானையை நம்பி நின்றால் என்ன நேரும் என்பதை ஒரு முறையாவது தன் கையால் உணர்வான்.

செலவு பெரிதன்று. ஈயம் நஞ்சு, பிள்ளைகள் கைக்கு ஆகாது. சென்னைக் கொசப்பேட்டையில் களிமண் பாவை செய்வார் உளர். கொலுப்படிக்குத் திருமண ஊர்வலமும் மட்டைப்பந்தாட்டமும் செய்து தருவோர்க்கு வில்லியும் வேலோனும் அரியரல்லர். ஓரங்குலக் களிமண் வேல் நில்லாது முறியுமாகலின் அதற்குத் தென்னை ஈர்க்கு போதும். பக்கத்திற்குப் பன்னிரண்டு அடித்தட்டு, தட்டுக்கு மூவர் நால்வர், யானை தனி. ஒரு கோடை விடுமுறையில் ஒரு வகுப்பு முடித்துவிடலாம். இராசாதித்தன் யானை சோழர் அணியின் நடுவில் நிற்கட்டும். வல்லபன் தட்டையும் செய்து மேசை விளிம்பிற்கு வெளியே வைக்கவேண்டும். அவனுக்குப் போர்க்கோலமா துறவுக்கோலமா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும்.